இருபத்தொரு நிமிடப் பாட்டு

“மிஸ், நான் எங்க மியூசிக் பேண்டை விட்டு விலகிடட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் சிகாமணி.

அவருக்கு ஐம்பத்துநான்கு வயது. ரயில் ஓட்டுகிறவர். பெரம்பூரில் கிதார் சொல்லிக்கொடுக்கும் ரெஜினாவுக்கு முப்பதுதான். ஆனாலும் அவருக்கு அவள் மிஸ்.

ரெஜினா ஒரு கிதாரின் பழைய கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன ஆச்சு சார்?”

“மெர்வினுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. இருபத்தாறு வருஷமா ரெண்டு பேரும் புளூஸ் வாசிக்கிறோம். மனசுல இருக்கிற பாரத்தை நேராச் சொல்லிட்டு இறங்கிடலாம். இப்ப புரோகிரசிவ் ராக்குன்னு இருபத்தொரு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு கட்டி ரெக்கார்டு பண்ணி அனுப்பியிருக்கான். நாலு பகுதி! ஞாயித்துக்கிழமை பிராக்டிஸுக்கு நான் வரலேன்னா வேற ஆளைப் பார்த்துக்குவானாம்.”

ஆனால் மெர்வினைப் பிரியவும் அவருக்கு மனசில்லை.

“அதுல என்ன பிடிக்கலே?”

“எதுதான் பிடிச்சிருக்கு!”

“வரிசையாச் சொல்லுங்க.”

சொன்னார்.

முதல் பகுதியில் நாலு நிமிடத்துக்கு ஆர்கன் மட்டும்தான், மாதா கோவிலில் பூசை தொடங்கப்போவதுபோல. “ஒருத்தரும் வாயைத் திறக்கக் காணோம் மிஸ்.” அந்த ஆர்கனை வாயாலேயே வாசித்தும் காட்டினார்.

இரண்டாம் பகுதியில் தாளம் நாலிலிருந்து ஏழுக்குத் தாவியதாம்.

“இதுக்கு மனுஷன் எப்படிக் காலாட்டுறது?” காலாட்டியபடியே கேட்டார்.

ரெஜினா மூன்றாவது கம்பியை முறுக்கினாள்.

“அப்புறம் எல்லாம் ஒரேயடியா நின்னுபோகும். மெர்வின் மட்டும் கிதார்ல ஒரே ஒரு சுரத்தைப் பிடிச்சு இழுப்பான். சுத்தமான புளூஸ் மிஸ் அது! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதை நினைச்சாத்தான் கோபம் கோபமா வருது.”

“எத்தனை தடவை கேட்டீங்க?”

“முப்பது தடவை இருக்கும். குறை சொல்றதுன்னா முழுசாக் கேட்க வேண்டாமா?”

நான்காம் பகுதிக்கு எழுந்தே நின்றுவிட்டார். டிரம்ஸ், ஆர்கன், மெர்வினின் கட்டைக் குரல் எல்லாம் அவர்தான். முடித்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் ரெஜினா ஆறு கம்பிகளையும் மாட்டிச் சுருதியும் சேர்த்துவிட்டாள்.

“சார், புளூஸ்ல ஒருத்தன் தன் குறையைச் சொல்ல எத்தனை வரி?”

“மூணு. முதல்ல ஒரு வரி, மறுபடி அதே வரி, அப்புறம் அதுக்கொரு பதில். தீர்ந்துது.”

ரெஜினா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

சிகாமணியும் பார்த்தார். அவர் குறை சொல்லத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. முகத்தில் அசடு வழிந்தது.

போனை எடுத்தார்.

“மெர்வின், ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

கொஞ்சம் தயங்கினார்.

“ஆனா ஒரு குறைடா. பாட்டு சட்டுனு முடிஞ்சிடுது.”