ஆவாரம்பூ மேல் விழுந்த பழி

கேளுங்கள் பிள்ளைகளே. பெரியவர்களே, நீங்களும் கொஞ்சம் காது கொடுங்கள். இந்தக் கதையில் பிழை செய்தவர்கள் பெரியவர்கள்தான்.

வானமும் மண்ணும் முகம் கொடுத்துப் பேசாத ஒரு நாடு வெகு காலத்துக்கு முன்னே இருந்தது. கரம்பை நாடு என்று பெயர். மழை அங்கே விருந்தாளி போல எப்போதாவது வரும். உட்காரச் சொல்வதற்குள் கிளம்பிவிடும். அந்த நாட்டை இளமாவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

மல்லிகை அந்த மண்ணில் பிழைக்காது. தாமரைக்குக் குளம் கிடையாது. ஆனால் மார்கழிப் பனி இறங்கியதும் அந்த நாட்டில் ஒன்று நடக்கும். ஆவாரை பூக்கும். அதை யாரும் விதைத்ததில்லை. யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. யாரும் வேலி கட்டியதில்லை. மேட்டில், பள்ளத்தில், வண்டிப்பாதையின் இரண்டு பக்கத்திலும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில், எங்கே பார்த்தாலும் மஞ்சள். கண் போகிற தூரத்துக்கு மஞ்சள். அசலூர் வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்ப்பார்கள். இந்த வறட்டு மண்ணுக்குள் இவ்வளவு பொன் எங்கே ஒளிந்திருந்தது என்று கேட்பார்கள். அந்த நாட்டுக்காரர்களுக்கே அது தெரியாது. ஆண்டுதோறும் பார்த்தும் அவர்களுக்கு அலுத்ததில்லை.

அந்தச் செடிதான் நாட்டையே தாங்கியது என்றும் சொல்லலாம். வழிநடப்பவர்கள் அதன் இலையைத் தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வெயிலைக் கடப்பார்கள். தோல் பதனிடுகிறவர்கள் அதன் பட்டையைப் போட்டுத் தோலை ஊறவைப்பார்கள். அந்தத் தோலில் தைத்த சாலால்தான் கிணற்றுத் தண்ணீரை இறைப்பார்கள். தை பிறப்பதற்கு முந்தின நாள், அதன் பூவை வேப்பிலையோடு சேர்த்துக் கொத்தாக வீட்டு வாசலில் கட்டுவார்கள். அதற்குக் காப்பு என்று பெயர். வீட்டுப் பெண்கள்தான் அதைக் கட்டவேண்டும்.

ஊரில் எல்லா வீட்டிலும் போன ஆண்டுக் காப்பை அவிழ்த்துத் தீயில் போட்டுவிட்டுத்தான் புதியதைக் கட்டுவார்கள். அரண்மனையில் மட்டும் அப்படி இல்லை. அரச குலத்தின் காப்பை அவிழ்ப்பதா? முதல் அரசி கட்டிய கொத்தின் மேலேயே அடுத்த அரசி கட்டினாள். அதன் மேல் அவள் மருமகள் கட்டினாள். இப்படியே தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் கட்டி, கோட்டை வாசலுக்கு மேலே ஒரு சிறிய வைக்கோல் போர் தொங்கியது. அதைப் பார்த்து எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள்.

அரசனுக்கு ஒரே மகள், பெயர் சேயிழை. அவள் தாயார் ஒரு தை மாதத்தில் மூச்சுத் திணறி இறந்துபோனாள். அப்போது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அரசனின் தாயாருக்கும் அப்படித்தான் முடிந்தது. அரண்மனைப் பெண்களுக்கு மூச்சுக் குறைச்சல், அது அவர்கள் தலையெழுத்து என்று ஊரார் சொல்லிக்கொண்டார்கள்.

அரசி கடைசியாகக் கட்டிய கொத்தைத் தன் நீலச் சேலையின் கரையைக் கிழித்துத்தான் கட்டியிருந்தாள். அந்த நீலத்துணி கீழேயிருந்து பார்த்தால் கொஞ்சமாகத் தெரியும். அரசன் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் போவான். அதை ஒருவரும் அவிழ்க்கக்கூடாது என்று அவன் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கட்ட வேறு பெண் இல்லாததால் சில ஆண்டுகள் பழைய காப்பே தொங்கியது. சேயிழை வளர்ந்தாள். ஏணியில் ஏறிக் காப்புக் கட்டும் வயது வந்தது. அவள் அறை வாசலுக்கு நேர் மேலே இருந்தது. சாளரத்தைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் காப்பு. முதல் ஆண்டு கட்டிவிட்டு இறங்கியவள் தும்மினாள். தும்மல் இருமலானது. கண் இரண்டும் வீங்கின. மூச்சு, ஓட்டைத் துருத்தி போல இழுத்தது. பங்குனி வரை இழுத்து, பிறகு மெல்ல அடங்கியது.

அரசன் ஆடிப்போய்விட்டான். அவன் அந்த இழுப்பை முன்பே கேட்டவன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன்.

அரண்மனை மருத்துவர் ஆதனார் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சாளரத்துக்கு வெளியே பார்த்தார். வெளியே தோட்டமெல்லாம் மஞ்சளாக நின்றது.

"அரசே, இந்தப் பூ பூத்தா நோய் வருது. பூ அடங்கினா நோயும் அடங்குது. இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்?"

சாட்சி பலமாகத்தான் இருந்தது. அவ்வளவு பளிச்சென்று எதிரே நிற்கிற ஒன்றை விட்டுவிட்டு வேறு எதைச் சந்தேகிப்பது? அரண்மனைத் தோட்டத்து ஆவாரையை எல்லாம் தோண்டி எறிந்தார்கள்.

மறு ஆண்டு காப்புக்கான பூ ஊருக்கு வெளியிலிருந்து வந்தது. சேயிழை கட்டினாள். தும்மல் வந்தது, இருமல் வந்தது, இழுப்பு வந்தது. ஊரைச் சுற்றியுள்ள ஆவாரையை எல்லாம் தோண்டி எறிந்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு காப்புக்கான பூ மலையடிவாரத்திலிருந்து வந்தது. சேயிழை கட்டினாள். தும்மல் வந்தது, இருமல் வந்தது, இந்த முறை உதடு நீலம் பாரித்துவிட்டது. பங்குனி போய்ச் சித்திரை வந்தும் இழுப்பு நிற்கவில்லை. இன்னொரு தையை இவள் தாங்கமாட்டாள் என்று ஆதனார் சொல்லாமல் சொன்னார்.

"நாட்டில் ஓர் ஆவாரைகூட நிற்கக்கூடாது" என்று அரசன் முரசு அறையச் சொன்னான்.

கடப்பாரையும் மண்வெட்டியும் புறப்பட்டன. மேட்டைக் கொத்தினார்கள், பள்ளத்தைக் கொத்தினார்கள், கல்லைப் புரட்டிப் போட்டு அதன் அடியையும் கொத்தினார்கள். அந்தக் கோடையில் இலையில்லாத தலைப்பாகையோடு நடந்தவர்கள் பாதையிலேயே சுருண்டு விழுந்தார்கள். பட்டை இல்லாமல் பதனிட்ட தோல் நாறிப்போனது. கிணற்றுக்குள் இறங்கிய சால் பாதி வழியில் கிழிந்து, தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போனது.

தோல் பதனிடுகிறவர்கள் தங்களில் மாசாத்தி என்ற பெண்ணை அரசனிடம் அனுப்பினார்கள்.

"சாமி, பயிரெல்லாம் கருகுது. கிணத்துல தண்ணி கிடக்கு, எடுத்து ஊத்த சால் இல்லே. எங்க பிள்ளைகளும் பிள்ளைகதானே?"

அரசன் மகளின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "தாயே, நீ சொல்றது நியாயந்தான். ஆனா என் பிள்ளை மூச்சை நான் எங்கே போய் இறைச்சுக் கொண்டு வருவேன்?" என்றான். மாசாத்தியும் பெற்றவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்கழி வந்தது. அந்த நாட்டில் முதல்முறையாக மஞ்சள் வரவில்லை. கொத்திப் போட்ட செம்மண் புண் போலக் கிடந்தது. அரசன் மாடத்தில் நின்று பார்த்தான். இருந்தாலும், இனி மகள் பிழைப்பாள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான். இரண்டு மாதமாக அவளுக்கு மூச்சும் சீராக இருந்தது.

காப்புக் கட்டும் நாள் வந்தது. கட்டப் பூ இல்லை. மகள் மீண்டும் தொடங்கிய குல வழக்கத்தை மறுபடி விடவும் முடியாது. ஆதனார்தான் வழி சொன்னார்: "பழையதையே கொஞ்சம் உதறி, இறுக்கிக் கட்டினாப் போதும் அரசே. வழக்கமும் நிற்கும், பூவும் வேண்டாம்." சேயிழை ஏணி ஏறக்கூடாது என்றும் சொன்னார். வீட்டில் வேறு பெண் இல்லை. எனவே அந்தக் குலத்தில் முதல்முறையாக ஓர் ஆண் ஏணி ஏறினான்.

இளமாவேள் காப்பின் முன்னால் முகத்தை வைத்தான். இவ்வளவு பக்கத்தில் அதை அவன் பார்த்ததே இல்லை. நீலத்துணியை ஒரு விரலால் தொட்டான். பிறகு இரண்டு கையாலும் பிடித்து உதறினான்.

சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் கிளம்பியது. அது அவன் முகத்தில் அப்பியது, மூக்குக்குள் ஏறியது, தொண்டைக்குள் இறங்கியது. அரசன் தும்மினான். ஏணி ஆடத் தும்மினான். கண் எரிந்து நீர் கொட்டியது. மூச்சை உள்ளே இழுத்தான். அது வர மறுத்தது.

அதே நேரத்தில், தலைக்கு மேலே, திறந்திருந்த சாளரத்துக்குள்ளிருந்து ஓட்டைத் துருத்தியின் சத்தம் கேட்டது.

அரசன் ஏணியிலேயே உறைந்துபோனான். நாட்டில் பூ இல்லை. ஒரு பூ கூட இல்லை. நோய் மட்டும் இருக்கிறது. அவன் கையிலேயே இருக்கிறது.

அவனுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. ஏணி ஏறியவர்கள் எல்லோரும் பெண்கள். இழுத்து இழுத்துச் செத்தவர்களும் பெண்கள். அவன் தாய். அவன் மனைவி. அவன் அண்ணாந்து அண்ணாந்து கும்பிட்டதுதான் அவளைக் கொன்றது.

"பாப்பாவைப் பின்கட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க! ஓடுங்க!" என்று அலறினான். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டு, காப்பைத் தன் கையாலேயே அவிழ்க்கத் தொடங்கினான்.

மகள் கட்டியது வந்தது, சருகு. அதற்கு அடியில் மனைவி கட்டியது. அங்கே கை நின்றுவிட்டது. வேறு யாராவது அதை அவிழ்க்க வந்திருந்தால் அவர்கள் தலையை வெட்டச் சொல்லியிருப்பான். இப்போது அவனை யார் தட்டிக்கேட்பது? முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். அதற்கு அடியில் தாய் கட்டியது, பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. அதற்கும் அடியில் எலிக்கூடு, புழுத்த தூள், பூச்சி அரித்த நார். கடைசியில், முதல் அரசி கட்டிய இடத்தில், ஒன்றுமே இல்லை. வெறும் தூசி. ஒரு நாடே இத்தனை காலமாக அதைக் கும்பிட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் தீயில் போட்டான். நீலத்துணியை மட்டும் கொதிக்கும் நீரில் அலசித் தன்னிடம் வைத்துக்கொண்டான்.

சேயிழை அந்தத் தையைத் தாங்கினாள். மாசி பாதியிலேயே எழுந்து நடந்தாள். ஆதனார் தலைகுனிந்து வந்து நின்றபோது, "உங்க கண்ணுல பட்டது என் கண்ணுலயும்தானே பட்டது" என்று அரசன் சொல்லிவிட்டான்.

அண்டை நாட்டிலிருந்து பட்டை வாங்கிச் சால் தைத்தார்கள். மாசாத்தியின் வீட்டுக்கு அரசனே நடந்துபோய் மன்னிப்புக் கேட்டான்.

"எங்கிட்டக் கேட்டாச்சு, சரி. அந்தச் செடிகிட்ட யாரு கேக்கிறது?" என்றாள் அவள்.

அந்தக் கேள்வி அவனை விடவில்லை. அந்த ஆண்டு விருந்தாளி மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெட்டியது வெட்டியதுதான், இனி இந்த மண் பூக்காது என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

மார்கழியில் ஒரு விடியற்காலை. "அப்பா, மேட்டு மேல போய்ப் பாப்போம், வாங்க" என்று சேயிழை அவனை இழுத்தாள். வெறும் மண்ணைப் பார்க்க அவனுக்கு மனமில்லை. குனிந்த தலையோடுதான் ஏறினான். மேட்டின் உச்சியில் மகள் நின்றுவிட்டாள். அவன் நிமிர்ந்தான்.

பிள்ளைகளே, அதை எப்படிச் சொல்வேன்! கடப்பாரை விழுந்த இடத்திலெல்லாம் பொன். அறுந்தது என்று நினைத்த வேர் அடியில் உயிரோடுதான் இருந்தது. கொத்திய மண்ணுக்குள் உதிர்ந்த விதை போய் நன்றாக மூடிக்கொண்டது. அழிக்க வந்தவர்கள் உழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். முன்பு கால் வைக்கவாவது இடம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. மழையில்லாத வானத்தின் கீழே, மலையடிவாரம் வரை, காலைச் சூரியன் கூசும்படி மஞ்சள் நின்றது. வண்டுகளின் ரீங்காரத்தில் மேடே அதிர்ந்தது. அரசன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். இவ்வளவு செய்தும் இது பூத்திருக்கிறதே என்று நினைத்தபோது அவன் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சேயிழை பூக்களுக்குள் இறங்கினாள். ஒரு கொத்தை ஒடித்தாள். அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

அரசன் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றான். தும்மல் வரவில்லை. இருமல் வரவில்லை. இழுப்பு வரவில்லை. பனியில் நனைந்த பூத்தூள் மூக்கில் ஒட்டியிருக்க, அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க மூச்சு விடுங்க" என்றாள்.

அந்தத் தையில் அரண்மனை வாசலில் ஒரே ஒரு கொத்து கட்டினார்கள். புதுப்பூ, புது வேப்பிலை. கட்டிய துணி மட்டும் பழைய நீலத்துணி. அடுத்த ஆண்டு அந்தக் கொத்தை அவிழ்த்துத் தீயில் போட்டுவிட்டுத்தான் சேயிழை அடுத்ததைக் கட்டினாள்.

இளமாவேளின் கதை நமக்குச் சொல்வது இதுதான்: எதிரே பூத்து நிற்பதன் மேல் பழி போடுவதற்கு முன்னால், நாம் கும்பிட்டு வைத்திருப்பதை ஒருமுறை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.