சுருங்காத தொட்டாற்சிணுங்கி

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் முள்ளம்பன்றி ஒன்று தனியாக வாழ்ந்து வந்தது. அது தண்ணீர் குடிக்க இறங்கினால் போதும், மான்கள் விலகும். முயல்கள் ஓட்டம் பிடிக்கும். 'வா' என்று சொல்ல அதற்கு ஒரு நாதியில்லை.

ஒரு நாள் கரையோரத் தொட்டாற்சிணுங்கிச் செடியில் அதன் மூக்கு பட்டுவிட்டது. இலைகள் சட்டென்று மூடிக்கொண்டன.

"அடடா! எனக்குக் கைகூப்புகிறதே!" முள்ளம்பன்றிக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பின் தினமும் விடிந்ததும், வளைக்குத் திரும்பும் முன், செடியைத் தொட்டு வணக்கம் வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் படுத்து ஊர்க்கதையெல்லாம் பேசும். செடியா வாய் திறக்கும்? ஆனாலும் எழுந்து போய்விடவில்லையே, அதுவே பெரிதல்லவா!

போகப்போக இலைகள் மூடுவது குறைந்தது. ஒரு நாள் எத்தனை முறை தொட்டும் ஓர் இலைகூட அசையவில்லை.

"நான் என்ன தப்பு செய்தேன்? சொல்லேன்!" என்று கெஞ்சியது முள்ளம்பன்றி.

புதருக்குள் இருந்த காட்டுப்பன்றி சிரித்தது. அந்தச் செடிக்கடியில் கொழுத்த கோரைக்கிழங்கு இருந்தது. முள்ளம்பன்றியின் முள்ளுக்குப் பயந்துதான் இத்தனை நாள் காட்டுப்பன்றி கிட்டே வரவில்லை.

"அட அசடே! உனக்கும் எனக்கும் உடம்பெல்லாம் நரம்பு ஓடுகிறது. இதற்கு நரம்பு உண்டா? மூளை உண்டா? காற்றடித்தால் கிளை ஆடும். அது உன்னைக் கூப்பிடுகிறது என்றா அர்த்தம்? விலகு, இதன் அடியில் இருக்கும் கிழங்கைக் கிளறிக்கொள்கிறேன்."

முள்ளம்பன்றிக்கு நெஞ்சு வலித்தது. "இவ்வளவு நாளும் சும்மா ஒரு களையிடமா பேசினேன்? கிளறிக்கொள், எனக்கென்ன!" என்று திரும்பி நடந்தது.

காட்டுப்பன்றி மூக்கை நீட்டியது. அது பட்டதுமே இலைகள் எல்லாம் படபடவென்று மூடிக்கொண்டன.

திரும்பிப் பார்த்த முள்ளம்பன்றி திடுக்கிட்டது. அது வணக்கமில்லை, அச்சம்! முதலில் தன்னைக் கண்டும் அஞ்சியிருக்கிறது. பழகப் பழக அச்சம் விட்டுப்போயிருக்கிறது. காடே ஒதுக்கிய தன்னிடம் இந்தச் செடி மட்டும்தான் அஞ்சாமல் இலை விரித்து நின்றிருக்கிறது!

"நிறுத்து! நிறுத்து!" முட்களைச் சிலிர்த்துக்கொண்டு அது பாய்ந்தது. அதற்குள் காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிக் கிழங்கோடு ஓடிவிட்டது. செடி வேரோடு பெயர்ந்து கிடந்தது.

முள்ளம்பன்றி செடியை நிறுத்தி வேரைச் சுற்றி மண்ணை அணைத்தது. வாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. எத்தனை விடியல் காத்திருந்தும் அந்த இலைகள் மறுபடி விரியவே இல்லை.

நமக்குப் புரியும்படி அன்பைக் காட்டவில்லை என்பதற்காக, எந்த உயிரையும் உணர்வற்றது என்று கைவிடக் கூடாது.