சிலுவையடிப் பெட்டி

“எட்டுத் தரம் ஏறிட்டன் தங்கச்சி. எட்டுத் தரமும் முகில். இந்த மலைக்கு என்னில என்ன கோவம்?”

கேட்டவர் புவனேந்திரன். ஐம்பத்தொன்பது வயது. கேட்கப்பட்டவள் தவமலர். நாற்பத்தொன்று. இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, மலை ஏறுகிறவர்கள் களைப்பாறிச் சாப்பிடும் ஒரு கல்வீட்டில் சமைக்கிறவள்.

இரண்டு பேரும் யாழ்ப்பாணம். பனையையும் கோபுரத்தையும் விட உயரமாக எதையும் பார்க்காமல் வளர்ந்தவர்கள். எங்கே வந்து நின்று எதைக் கதைக்கிறார்கள் பாருங்கள்.

“அந்த அகப்பையைப் பிடியுங்கோ,” என்றாள் தவமலர்.

பிடித்தார். செப்புக் கிடாரத்தில் சோளமாக் களி கொதித்துக்கொண்டிருந்தது.

“கிண்டுங்கோ.”

கிண்டினார். முக்கால் மணித்தியாலம். கை ஓய்ந்துபோனது.

எப்போதும் இதே கதைதான். கேள்வி கேட்டால் ஒரு வேலை தருவாள். போன முறை விறகு அடுக்கினார். அதற்கு முதல் முறை உருளைக்கிழங்கு சீவினார். ஆனாலும் அவளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த மலையை அவளளவு தெரிந்த தமிழர் வேறு யாரும் இல்லை.

ஏரி பார்க்க இவ்வளவு பாடு தேவையே இல்லை. லெக்கோ நகரத்தில் அவர் வேலைக்குப் போகிற பஸ் ஜன்னலால் தினமும் இரண்டு தரம் தெரிகிற ஏரி. அவருக்கு வேண்டியது உச்சியில் இருந்து தெரிகிற ஏரி. மகன் பார்த்த ஏரி.

மகன் பெயர் துவாரகன். இருபத்துமூன்று வயது. போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மலையில் ஏறினான். இறங்கும்போது நனைந்த பாறையில் கால் வழுக்கி விழுந்தான். அவ்வளவுதான்.

“அண்டைக்குக் காலமை என்னையும் கூப்பிட்டவன்,” என்றார் களியைக் கிண்டியபடி. “மேல நிண்டு பாத்தா முழு ஏரியும் தெரியுமாம், வாங்கோ அப்பா எண்டான். முழங்கால் நோகுது எண்டிட்டுப் படுத்திட்டன்.”

“இப்ப நோகேல்லையோ?”

“நோகுது.”

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பிள்ளை அந்த வடிவைப் பாத்திட்டுத்தானே போனவன் எண்டு நினைச்சு நினைச்சுத்தான் நான் உயிரோட இருக்கிறன். அவன் கடைசியாப் பாத்ததை நானும் ஒருக்காப் பாக்கவேணும். அது காணும் எனக்கு.”

தவமலர் அடுப்பை அணைத்தாள். உள்ளே போய், தடித்த மட்டை போட்ட புதுக் கொப்பி ஒன்றையும் ஒரு பேனையையும் கொண்டுவந்தாள். கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு கொடுத்தாள்.

“ஒன்பதாந்தரம் ஏறுங்கோ. உச்சியில பெட்டிக்குள்ள பழைய கொப்பி கிடக்கு. நிரம்பிட்டுது. இதை வைச்சிட்டு அதைக் கொண்டுவாங்கோ.”

“எந்தப் பெட்டி?”

“சிலுவையடியில இருக்கிற இரும்புப் பெட்டி.”

“அது உண்டியல் எல்லோ?”

“இல்லை அண்ணை. ஏறி வாற ஆக்கள் பேர் எழுதிற கொப்பி அதுக்குள்ளதான் இருக்கும். இங்க கனக்க உச்சியளில அப்பிடி ஒண்டு வைச்சிருப்பினம்.”

அவர் முகம் கறுத்துவிட்டது. ஆள் சைவப்பழம். உச்சியில் எது நின்றாலும் அது சாமிதான் என்று, எட்டு முறையும் அந்த மூடியின் இடுக்கால் ஒரு காசைப் போட்டுக் கும்பிட்டிருக்கிறார். முகிலை விலக்கு, முகிலை விலக்கு என்று.

“அப்ப அந்தக் காசு போடுறது நீங்களோ? ஆர் போடுறது, எதுக்குப் போடுறது எண்டு நாலைஞ்சு பேர் அந்தக் கொப்பியில கேட்டு எழுதியிருக்கினம்.”

வேறொரு நாளென்றால் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்திருப்பார்கள்.

ஏறினார். காடு முடிந்து பாறை தொடங்கும் இடத்திலேயே முகில் வந்து மூடிக்கொண்டது. பிடித்து ஏறச் சங்கிலி கட்டிய பாறையில் ஒரு கணம் நின்றார். மகன் விழுந்த இடம் அது. பாறையைத் தடவிவிட்டு மேலே போனார். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் குத்தியது.

உச்சியில் நாலு இத்தாலியப் பிள்ளைகள் இருந்து பாண் சாப்பிட்டார்கள். சுற்றிவர வெள்ளை. கீழே என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

பெட்டியைத் திறந்தார். கொப்பிக்கு மேலே அவருடைய காசுகள் ஈரத்தில் மங்கிக் கிடந்தன.

கொப்பியைப் புரட்டினார். பக்கம் பக்கமாக இத்தாலியப் பெயர்கள். ஐப்பசி மாதம் வந்தது. அந்த ஞாயிறு வந்தது. அந்தப் பக்கத்தின் அடியில் தமிழ் இருந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த அதே கோணல் எழுத்து.

‘துவாரகன். முகில். ஒண்டும் தெரியேல்லை. அடுத்த முறை அப்பாவோட வருவன்.’

அவர் சிலுவைக்கு முதுகைக் கொடுத்து இருந்துவிட்டார். திரும்ப வாசித்தார். எத்தனை தரம் வாசித்தாரோ தெரியாது.

திடீரென்று கொப்பியின் மேல் வெயில் விழுந்தது. அந்தப் பிள்ளைகள் எழும்பி ஓடினார்கள். ஒருத்தன் வந்து அவர் தோளைத் தட்டி, அவருக்குப் பின்பக்கம் கையைக் காட்டினான்.

அவர் தலையை ஆட்டினார். திரும்பவில்லை. புதுக் கொப்பியை மடியில் வைத்து, பேனையைத் திறந்தார்.

அவர் இறங்கி வரும்போது தவமலர் வாசலில் நின்றாள். அந்தப் பிள்ளைகள் அவருக்கு முன்னமே வந்து, உள்ளே களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழைய கொப்பியை அவளிடம் கொடுத்தார்.

“வாசிச்சீங்களோ?”

“உமக்கு இது தெரியுமோ?”

“போன ஐப்பசியில இருந்து தெரியும்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் ஏரியைத்தானே கேட்டீங்கள்.”

அவர் அவளையே பார்த்தார். அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

“பயம் அண்ணை,” என்றாள். “முகிலாக் கிடக்கு அக்கா, திரும்பிப் போகப்போறன் எண்டு இந்த வாசலில நிண்டவன். ஏறு தம்பி, விலகும் எண்டு அனுப்பினது நான்.”

உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. பாத்திரச் சத்தம் கேட்டது. புவனேந்திரன் வாசல் வாங்கில் மெல்ல இருந்து, முழங்காலை நீட்டிக்கொண்டார்.

“தேத்தண்ணி ஊத்தும்,” என்றார்.

ஊற்றினாள். பாதி வெளியே சிந்தியது. மிச்சத்தை அவர் வாங்கிக் குடித்தார். அவளும் பக்கத்தில் இருந்தாள்.

வெறும் கோப்பையை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டாள். “இண்டைக்கு விலகினதாம். முழு ஏரியும் தெரிஞ்சதாம். பிள்ளையள் சொல்லிச்சினம். பாத்தீங்களோ?”

“இல்லை.”

“புதுக் கொப்பியில பேர் எழுதினீங்களோ?”

“எழுதினன்.”

“என்னெண்டு?”

“துவாரகனும் அப்பாவும் வந்தம். முகில். ஒண்டும் தெரியேல்லை.”