செல்லக்கிளி தூக்கிய கோப்பை

தொழில்முறை கபடி ஏலம் வந்துவிட்டது! கல்லூரியில் படிப்பவர்களுக்கு அதில் ஒரே ஒரு விதி. மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டதாகக் கல்லூரி கடிதம் தர வேண்டும். பெயர் கொடுக்க அன்று மாலை ஐந்து மணிதான் கெடு.

கபடி அணித் தலைவி செல்லக்கிளி தாளாளர் தணிகாசலத்தின் அறைக்கு ஓடினாள். அவரோ அவளை இன்னொரு வருஷம் ஆடவைத்து, அடுத்த கோப்பையையும் வாங்கிவிடும் நினைப்பில் இருந்தார்.

"உனக்குத்தான் அட்டெண்டன்ஸே இல்லையேம்மா! அறுபது நாள் வகுப்புக்கு வரலை. மூணாம் வருஷத்தைத் திரும்பப் படி. இல்லேன்னா, போன அறுபது நாளைத் திருப்பிக் கொண்டு வா, கையெழுத்துப் போடறேன்!"

"சரிங்க சார்" என்ற செல்லக்கிளி, அலமாரியில் இருந்த பல்கலைக்கழகக் கோப்பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"ஏய், எங்கே கொண்டுபோறே? நாளைக்கு அமைச்சர் அதோட போட்டோ எடுக்க வர்றார்!"

"பல்கலைக்கழகத்துலே திருப்பிக் கொடுக்கத்தான் சார். அட்டெண்டன்ஸ் இருக்கறவங்கதானே அந்தப் போட்டியிலே ஆடலாம்? எனக்கு முழுசா இருக்குன்னு போன மாசம் நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்க. ஏன் திருப்பித் தர்றீங்கன்னு கேட்டா என்ன சார் சொல்லட்டும்?"

தாளாளர் சட்டைப் பையில் இருந்த பேனாவை மேசையெல்லாம் தேடினார். ஒருவழியாகக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இந்தா, கோப்பையை வை!"

செல்லக்கிளி கடிதத்தைப் பார்த்தாள். கோப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"முதல்ல நீங்க சீல் வைங்க சார்."