கலக்காத உப்பு

குற்றாலிங்கம் வாத்தியார் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய குரு தவமணியம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அந்த மலையடிவார ஆசிரமத்தில் வயதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வாத்தியாரும் மனைவி செண்பகவல்லியும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தார்கள். அந்தம்மாள் தியானத்தில் கண்ணை மூடினால் போதும், ஆள் அங்கே இல்லை. இவருக்கோ முழங்கால் வலிக்கும், கொட்டாவி வரும். அவள் தன் பாடத்தை விட்டுவிட்டு, இவருக்காகப் பழைய பாடத்துக்கே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தாள். மனுஷனுக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு காலையில் பையும் கையுமாக, குரு இருந்த சமையற்கட்டுக்கு வந்து நின்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவளைப் பிரிந்ததே இல்லை, ஆனாலும் தான் போய்விட்டால் அவளாவது தேறிவிடுவாள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்தார். அடியில் கல்லுப்பைப் போட்டு ஜன்னலில் வைத்தார். கலக்கக் கூடாது, மேல்தண்ணீர் என்றைக்குக் கரிக்கிறதோ அன்றைக்குப் புறப்படலாம் என்றார்.

வாத்தியார் தினமும் மேலாக ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் இன்னொரு டம்ளர் இருந்தது. யாருக்கோ என்று விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் கரித்தது.

பையோடு போய்ச் சொன்னார்.

"கலக்காம எப்படி மேல வந்துச்சு?" என்றார் குரு.

கேட்டது பாடமாயிற்றே. வாத்தியார் உற்சாகமாகிவிட்டார். உப்பு கரைந்தால் இரண்டு வகைத் துகளாகப் பிரியும், ஒன்று வேகம், மற்றது மந்தம் என்று ஆரம்பித்தார்.

"அப்ப வேகமானது முதல்ல மேல வந்திருக்கணுமே?"

"அதெப்படிம்மா? ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சிருக்கும். வேகமானது கொஞ்சம் நிதானிக்கும். மந்தமானது தனியாப் போறதைவிடச் சுருக்கா..."

வாத்தியார் நிறுத்திக்கொண்டார். பையைக் கீழே வைத்தார். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

பிறகு ஜன்னலைப் பார்த்து, "அந்த இன்னொரு டம்ளர் யாரோடதும்மா?" என்று கேட்டார்.

"உங்க வீட்டம்மாவோடது. அவங்களும் பையோடதான் வந்தாங்க. அவங்க வேகம்தான் உங்களைத் திணறடிக்குதாம். போயிட்டா நீங்க நிம்மதியா உக்காருவீங்களாம்."

வாத்தியாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

குரு ஒரு கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அவங்களுக்கு அஞ்சு நாள் பொறுமை கிடையாது. இப்ப சொன்ன பாடத்தையும் சொல்லி, நீங்களே போய்க் கலக்கிக் குடுங்க."