சூரை மீனில் கட்டிய கப்பல்

சலேத் மச்சாடோவைப் பொய்யர் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். "உள்ளதைத்தாம்வே சொல்லுதேன், ஒங்க காது பத்தலைன்னா நான் என்ன செய்ய?" என்பார். முப்பது வருஷம் கப்பலில் பண்டாரியாக இருந்தவர். பண்டாரி என்றால் கப்பல் சமையல்காரர். ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் அவர் பார்த்த உலகம் சாதாரண அளவில்தான் இருந்தது. இந்த எட்டு வருஷத்தில்தான் அது இப்படி ஊதிப் பெருத்துவிட்டது.

அதற்குக் காரணம் எஸ்கலின் என்கிற பெண்ணின் டீக்கடை. மீன்பிடித் துறைமுகத்து வாசலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், அன்று எஸ்கலின் டீ வியாபாரத்தை ஓரங்கட்டிவிட்டு வழக்கமான ஆட்களுக்காக ஒரே ஒரு பெரிய சட்டியில் மீன் குழம்பு வைப்பாள். மீன் யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். ஆனால் இருப்பதிலேயே பெரிய மீனின் தலை யாருக்கு என்பதில் அந்தக் கடைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. குழம்பு கொதிக்கிற நேரத்தில் எவர் சொன்ன கதையைப் பொய் என்று நிரூபிக்க முடியவில்லையோ, தலை அவருக்கு. "நம்ப முடியலை" என்பதெல்லாம் செல்லாது, சாட்சிக்கு ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அப்படிப் பிடிபட்டவருக்கு ஒரு வருஷம் தலையும் கிடையாது, கதை சொல்ல வாயும் கிடையாது. தலை போனாலும் சலேத் தாங்கிக்கொள்வார். வாயை மூடிக்கொண்டு ஐம்பத்திரண்டு ஞாயிறு உட்காருவது அவரால் ஆகிற காரியமில்லை.

அதனால் சாட்சிக்கு ஆள் சிக்காத ஊராகப் பார்த்துத்தான் கதை சொல்வார். அவருக்கு வாய்த்த ஊர், பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்குக் கோடியில் கடலை ஒட்டி இருக்கிற ஜெனரல் சான்டோஸ். சூரை மீனுக்கு, இங்கிலீஷில் டூனா என்பார்களே, அதற்குப் பேர்போன ஊர். எட்டு வருஷமாக அந்த ஊர்தான் அவருக்குத் தலைக்கறி போட்டுவந்தது.

அன்றைக்குச் சட்டியில் ஒரு பாறை மீன் தலை மிதந்துகொண்டிருந்தது. சலேத் தொண்டையைச் செருமினார்.

"அந்த ஊரு சூரை நம்ம சூரை மாதிரி கெடையாது, பாத்துக்கிடுங்க. ஒரு மீனை ஒத்த ஆளு தோள்ல போட்டுத் தூக்கிட்டு வருவான். தலை ஏலக்கூடத்துக்குள்ள போயி, வெலை பேசி, ஐஸும் போட்டு முடிச்சிருப்பாங்க. வாலு இன்னும் படகுலதான் கெடக்கும்."

"தூக்கிட்டு வந்தவன் எங்கவே?" என்று கேட்டார் தொம்மை. விசைப்படகு ஓட்டுகிறவர். தன் கண்ணால் கடலில் பார்க்காத எதையும் நம்பமாட்டார்.

"நடுவுல எங்கயாச்சும் நிப்பான். சாயங்காலமாத் தேடி எடுப்பாங்க."

ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற இன்னாசி, பாவம், அந்த ஆளுக்காக வருத்தப்பட்டார். எஸ்கலின் தேங்காயை அரைத்துக்கொண்டே, "அந்த ஊருக்கு ஆதி அந்தம் ஏதாச்சும் உண்டா, இல்ல நீரு போய் எறங்குன அன்னைக்குத்தான் மொளைச்சுதா?" என்றாள்.

"நல்லாக் கேட்டம்மா. மொதல்ல அது வெறும் முள்ளுக்காடு. அந்த முள்ளு மரத்துப் பேருதான் ஊருக்குப் பழைய பேரு. வடக்க இருந்து கப்பலேறி அறுவத்திரெண்டு பேரு பொழைக்க வந்தாங்க. வந்து பாத்தா கப்பலைக் கட்டி நிறுத்தக் கரையில ஒரு கட்டை இல்ல. கேப்டன் என்ன செய்வான்? பக்கத்துல ஒரு சூரை படுத்து ஒறங்கிக்கிட்டு இருந்துச்சு. அதோட வாலுல கயித்தைப் போட்டுட்டான்."

"மீனுலயா கப்பலைக் கட்டுனான்?" என்றார் இன்னாசி.

"கட்டுனான். மீன் முழிச்சிப் பாத்துட்டு இழுத்துச்சு பாரும், மூணு நாளு! எங்க நின்னுச்சோ அங்கதான் ஊரு. மீனு நேரா நீந்தாதுல்லா, அதான் அங்க தெருவெல்லாம் கொஞ்சம் வளைஞ்சி கெடக்கும்."

தொம்மை தலையில் அடித்துக்கொண்டார். அடிக்க அடிக்கத்தான் சலேத்துக்கு உற்சாகம் வரும்.

"ஏலக்கூடத்துல ஒருத்தன் இருப்பான். மெல்லிசுக் கம்பியை மீனுக்குள்ள சொருகி நூலு மாதிரி சதையை எடுத்துப் பாத்து, ஒண்ணா நம்பரா ரெண்டா நம்பரான்னு தரம் சொல்லுவான். அவன் சொன்னா சொன்னதுதான்."

"இது நெசம் மாதிரில்லா இருக்கு?" என்று எஸ்கலின் சந்தேகமாகப் பார்த்தாள். அது நிஜம்தான், கப்பலில் யாரோ சொல்லிக் கேட்டது. சலேத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பொறும்மா, முடிக்கலை. ஒருநா அவனுக்குச் சளி. 'பண்டாரி, நீரு பாரும்'னு கம்பியை எங்கையில குடுத்துட்டான். சொருகுனேன், மோந்தேன். ஒண்ணா நம்பர், வயசு பதினாலு, மேஞ்சது நம்ம மணப்பாட்டுப் பக்கம்னுட்டேன். கூடமே கதிகலங்கிப் போச்சு."

"மணப்பாடுன்னு எப்படிவே தெரிஞ்சுது?" என்றார் தொம்மை.

"சதையில அந்த ஊருக் கருப்பட்டி வாசம்."

"சரி, ஆளுங்க எப்படி?" என்று இன்னாசி ஆவலாகக் கேட்டார்.

"ஒரு பய உள்ளூரு கெடையாது. எல்லாரும் வந்து ஏறுனவன். ஒரே தெருவுல ஏழு பாஷை. ஒருத்தன் தும்முனா, ஏழு பாஷையிலயும் ஆண்டவர் காப்பாத்துவாருன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள அவன் அடுத்த தும்மலுக்கு வந்துருவான். ஆனா எவனைக் கேட்டாலும் 'இது எங்க ஊரு'ம்பான். பேரெல்லாம் பெர்னாண்டஸ், கோமஸுன்னு நம்ம பேரு மாதிரியே இருக்கும்."

கடைசியாகத் தாடையை எடுத்தார். "சூரைத் தாடையைக் கரியில சுட்டுத் தருவாங்க. நாங்க கப்பல்காரங்க இருவத்திநாலு பேரு போயிருந்தோம். மழை பிடிச்சிக்கிட்டு. இருவத்திநாலு பேரும் ஒரு தாடைக்குள்ளதான் ஒதுங்குனோம். மழை விடுததுக்குள்ள கூரை இல்லாம நனைஞ்சிட்டோம்."

"கூரை எங்க போச்சு?"

"தின்னுட்டோம்லா."

குழம்பும் கொதித்து முடிந்தது. எஸ்கலின் தலையை அள்ளி அவர் தட்டில் வைத்தாள். தொம்மை மட்டும், "ஒருநா அந்த ஊர்க்காரனையே கொண்டாந்து நிறுத்துதேன்வே" என்று கறுவினார். "கொண்டாரும், டிக்கெட்டு வேணா நான் எடுக்கேன்" என்று சலேத் மீன் கண்ணை உறிஞ்சினார்.

உள்ளதைச் சொன்னால், சலேத் அந்த ஊரில் இருந்தது ஒன்றரை மணி நேரம். துறைமுக வாசலுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. அதைத் தாண்டி அவர் போகவில்லை, மழை விடவில்லை. கையில் அந்த ஊர்க் காசும் இல்லை. கடைக்கார அம்மாள் அவர் நனைந்து நிற்பதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், சுட்ட தாடையும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். வருஷம் முழுக்க அடுத்தவனுக்கே சமைத்துக்கொண்டிருந்த மனிதர், அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டார். ஆனால் அதைக் கடையில் சொன்னால் தலை கிடைக்குமா?

அடுத்த ஞாயிறு தொம்மை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னால் குட்டையாக, சிரித்த முகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். புது ஹார்பரில் நிற்கிற கப்பலில் வேலை பார்க்கிறவராம், பிலிப்பைன்ஸ்காரர், பேர் ரொமெலாம். காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவரைத் தொம்மை கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்.

"ஜெனரல் சான்டோஸான்னு கேட்டேன், ஆமான்னு தலையை ஆட்டிட்டாரு. சூரையான்னேன், அதுக்கும் ஆட்டிட்டாரு. முடிஞ்சுது ஒம்ம கதை!"

சலேத் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினார். ஆனால் ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிட்டார். தொம்மைக்கு இங்கிலீஷில் மொத்தம் பத்து வார்த்தை. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. வந்தவர் பேசுவதைத் தமிழில் சொல்ல அந்தக் கடையில் சலேத்தை விட்டால் வேறு நாதி இல்லை.

"குத்தவாளியே வக்கீலாக்கும்?" என்றாள் எஸ்கலின். "சரி, சொல்லும். அவரு மொகத்தையும் ஒம்ம வாயையும் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

அன்றைக்கு ஊளி மீன், தலை மட்டுமே ஒரு ஆள் சாப்பாடு. ரொமெல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் "ஆமாங்காரு" என்று சொல்லிவிடுவது என்று சலேத் தீர்மானித்திருந்தார். பொய்யென்று நிரூபிக்க முடியாத கதைக்கே தலை என்கிற சட்டத்தை முதலில் ரொமெலுக்குக் கப்பல் இங்கிலீஷில் விளக்கிச் சொன்னார். அதுதான் தப்பாகப் போயிற்று.

"ஒங்க ஊரு மீனு எம்புட்டு நீளம்னு கேளும்" என்றார் தொம்மை. சலேத் கேட்டார்.

ரொமெல் ஒரு நொடி யோசித்தார். "எங்கள் அப்பா ஒரு சூரை பிடித்தார். எடை போட்டோம். தராசு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. இறங்கின குழியில் தண்ணீர் வந்தது. இப்போது அதுதான் எங்கள் தெருக் கிணறு" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

சலேத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அப்படியே சொன்னால், எல்லாம் நீர் கட்டிவிட்டது என்று தன் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். உப்புக் கூடின குழம்பைக் கண்டால் பண்டாரி கை தானாகத் தண்ணீரை ஊற்றும். சலேத்தும் ஊற்றினார். "ஒரு ஆள் நீளம் இருக்குமாம். மிஞ்சிப்போனா ஒண்ணரை ஆளாம்."

"கப்பலை மீனுல கட்டுனது?"

"ஒரு மீனா? இரண்டு மீன்" என்றார் ரொமெல். "முதல் மீன் பாதி வழியில் களைத்துவிட்டது. இரண்டாவதை நாங்கள் இன்னும் அவிழ்க்கவில்லை. வருஷத்துக்கு ஒருநாள் ஊரே கூடி அதற்குச் சோறு போடுவோம். இல்லாவிட்டால் ஊரை இழுத்துக்கொண்டு ஜப்பானுக்குப் போய்விடும்."

சே, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று சலேத் மனசுக்குள் பொருமினார். வாய் மட்டும், "பழைய ஆளுங்க அப்படி ஏதோ பேசுவாங்களாம். இவரு நம்பலையாம்" என்றது.

கம்பியைப் பற்றி எஸ்கலினே கேட்டாள். ரொமெல் சொன்னார்: "என் மாமாவுக்கு அந்த வேலைதான். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக் கம்பியைச் சொருகிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நம்பர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்."

"கம்பி உண்டாம். மீன் நல்லதா கெட்டதான்னு மட்டும் தெரியுமாம். வயசு, ஊரெல்லாம் தெரியாதாம்" என்றார் சலேத்.

"இருவத்திநாலு பேரு தின்ன கூரை?" என்றார் இன்னாசி, எப்படியாவது அது உண்மையாக இருக்க வேண்டும் என்ற ஆசையில்.

ரொமெல் முகம் வாடியது. சலேத்தைக் குற்றம் சொல்லும் கண்ணோடு பார்த்தார். "அது நீங்கள்தானா? அது எங்கள் பள்ளிக்கூடம். அந்த வருஷம் முழுக்க நாங்கள் மழையில் நனைந்துகொண்டே படித்தோம்."

சலேத் சட்டியைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார். "ஒரு தாடையை ரெண்டு பேரு திங்கலாமாம்."

சொல்லி முடித்த பிறகுதான், எட்டு வருஷக் கதையைத் தன் வாயாலேயே ஒவ்வொன்றாகப் பொய்யாக்கியிருப்பது அவருக்கு உறைத்தது. தொம்மை எழுந்து ரொமெலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மனுசன்னா இவருதாம்வே மனுசன்! சொந்த ஊரைப் பத்தி ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாரா பாருங்க."

எஸ்கலின் ஊளித் தலையை எடுத்து ரொமெலின் தட்டில் வைத்தாள். சலேத்துக்குப் பொறுக்கவில்லை.

"அட மக்குகளா! இவரு சொன்ன புளுகுக்கு முன்னால நானெல்லாம் சுண்டைக்காய்! மீனு கிணறு தோண்டுச்சுங்காரு. மாப்பிள்ளைக்குக் கம்பியைச் சொருகுனோம்ங்காரு. நாந்தான் எல்லாத்தையும் கொறைச்சி கொறைச்சிச் சொன்னேன்!"

"நீரு? கொறைச்சிச் சொன்னீரு?" தொம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு வருசம் வாயைத் தொறக்கப்பிடாது, சொல்லிட்டேன்."

ரொமெல் மளமளவென்று மீன் கன்னத்தைப் பிய்த்துத் தின்றார். அவர் தின்கிற வேகத்தைப் பார்த்து, இவன் சாப்பாட்டுக்காகவே வந்தவன் என்று சலேத்துக்குள் இருந்த பண்டாரிக்குப் பட்டது. குனிந்து, "தம்பி, உண்மையைச் சொல். நீ அந்த ஊரா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இல்லை ஐயா. நான் பாகியோ. வடக்கே மலை மேல் இருக்கிறது, எப்போதும் குளிர். ஜெனரல் சான்டோஸை நான் பார்த்ததே இல்லை. எங்கள் கப்பல் சமையல்காரர் இரண்டு மாதமாக முட்டைக்கோசை மட்டுமே வேக வைக்கிறார். இந்தப் பெரியவர் என் கையைப் பிடித்து மீன் என்றார். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்."

சலேத்துக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. அந்தக் கடையில் அந்த ஊரைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும் பார்த்தவர். ஆனால் இரண்டு மாதம் முட்டைக்கோசு தின்றவனிடமிருந்து தட்டை எந்தப் பண்டாரி பிடுங்குவான்? தன் பங்குக் குழம்பையும் ரொமெலின் சோற்றில் ஊற்றினார்.

"என்னவே ரெண்டு பேரும் குசுகுசுன்னு? அவரு என்ன சொல்லுதாரு?" என்றார் தொம்மை.

சலேத் நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். "இவரு ஜெனரல் சான்டோஸே கெடையாதாம். மலைக்காட்டு ஆளாம், நம்ம கொடைக்கானல் மாதிரி. அந்த ஊரைக் கண்ணால கண்டதில்லையாம்."

எஸ்கலின் அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பண்டாரி அண்ணே, தோத்தவரு பேசாமத்தான் இருக்கணும். பேசியே தீருவேன்னா, கொஞ்சம் நம்புத மாதிரியாச்சும் புளுகும்."