அக்கரையிலிருந்து ஒரு கூப்பாடு

“சாமி, கடவுள் இருக்கார்னு நிரூபிச்சுட்டேன்!”

காவிரிக் கரை மடத்துக்குச் சீடராக வருமுன் செங்கோடன் வக்கீல். கறுப்புக் கோட்டு போனது, வாய் போகவில்லை.

குரு மாதையன் சாமி அவரைவிட வயதில் சின்னவர். மடத்துப் பரிசலை முன்பு சாமிதான் ஓட்டுவார். வழுக்கி விழுந்து வலது கை முறிந்ததிலிருந்து அந்த வேலை சீடருடையது.

அக்கரையில் யாரோ கூப்பிட்டார்கள்.

“பரிசல்ல்! புள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குதுங்க! பரிசல்ல்!”

“வக்கீலய்யா, ஆள் நிக்குது. போங்க.”

“ஒரு நிமிஷம் சாமி. நாளைக்கு அந்த நாத்திக வாத்தியாரோட வாதம். நான் தோத்தா மடத்துக்குத்தானே அவமானம்!”

“மடம் எங்கயும் ஓடிடாது. துடுப்பை எடுங்க.”

“ரெண்டே வார்த்தை.”

இரண்டு வார்த்தையில் முடித்த வக்கீலை யார் பார்த்திருக்கிறார்கள்? நல்லது கெட்டது என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அதை வகுத்தவர் யார் என்று ஆதியிலிருந்து ஆரம்பித்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கத்திக் கத்தி அக்கரைக் குரல் கம்மிவிட்டது.

சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடது கையால் துடுப்பைத் தூக்கிப் பார்த்தார். ஒற்றைக் கையால் ஆகிற காரியமா அது?

“போறீங்களா, இல்லையா?”

“இதோ முடிஞ்சுது. அந்தக் குரலையே எடுத்துக்குங்க. அவன் எனக்கு மாமனா, மச்சானா? போகலைன்னா என்னை யார் கேக்கப் போறா? ஆனாலும் உள்ளே ஒருத்தர் ‘எந்திரி, போ’ன்னு பிடுங்கி எடுக்கறார். யார் அவர்? அவர்தான், சாமி, கடவுள்!”

தொடையைத் தட்டிக்கொண்டார்.

“அவரேதானா? நல்லாத் தெரியுமா?”

“சத்தியமா.”

“எப்ப இருந்து சொல்றாரு?”

“முதல் கூப்பாட்டுல இருந்தே.”

“அவருக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

செங்கோடன் தொடையிலிருந்து கையை எடுத்தார்.

“‘ஒரு நிமிஷம்’னு…”

மழை பிடித்துக்கொண்டது. சாமி துடுப்பைத் தூக்கி அவர் மடியில் போட்டார்.

“ஓடுங்கய்யா! ஆண்டவன் நனையறாரு!”